ஒன்பதாவது படத்தின் கீழ்

கொட்டாஞ்சேனை
14.02.1999

அன்புள்ள பாலேஸ்,

நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. படி ஏறும்போதெல்லாம் "பேர்ணடெற் பெர்னாண்டோ, உனக்கு இது தேவையா?" என்று தன்னையே முழுப் பெயர் சொல்லித் திட்டிக்கொள்கிறார்.

உன் பொங்கல் வாழ்த்து மாசியில் வந்து சேர்ந்தது. பனியில் நின்று சிரிக்கிறாய். காதை மூடிய தொப்பி. அந்தப் படத்துக்கு எந்த நாட்டுக்காரனும் விசா தரமாட்டான். "ரெண்டு காதும் தெரியோணும்" என்று ஸ்டூடியோவில் உன்னை மூன்று தரம் எழுப்பி எழுப்பி இருத்தினேன், ஞாபகமா? நாம் முதன்முதல் கதைத்தது அதுதான்.

போன கிழமை காலி வீதியில் உன் லொட்ஜ் முதலாளி நாகேந்திரம் ஐயாவைக் கண்டேன். உன்னை விசாரித்தார். நீ இருந்த மூன்றாம் மாடியில் இன்னும் இருபது பேர் வெளிநாட்டுக்குக் காத்திருக்கிறார்களாம். அவருக்கு அவர்கள் போகவும் வேண்டும், போகாமலும் இருக்க வேண்டும். அவருடைய மகளுக்கு ஒஸ்லோவில் கலியாணம் பேசியிருக்கிறார்.

ஒரு செய்தி. ஜூன் மாதம் கொள்ளுப்பிட்டியில் ஒரு சிறிய மண்டபத்தில் என் படங்களைக் காட்சிக்கு வைக்கப்போகிறேன். ஒன்பது படங்கள். எல்லாம் தண்ணீரும் உடலும். ஒருவரும் அசைவதில்லை. ஏழு வருடமாகப் பாஸ்போர்ட் படம் எடுக்கிறேன். ஆடாதீங்கோ, சிரிக்காதீங்கோ என்பதைத் தவிர ஒருவரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. ஆகவே இந்தத் தடவை ஒவ்வொரு படத்தின் கீழும் அந்தப் படத்தில் இருப்பவருடைய எழுத்து. நான் ஒரு சொல்லும் எழுதமாட்டேன்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலுசாமி அண்ணன் தெருக் குழாயடியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். பார்த்தால் ஏதோ தியானம் போல. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "தண்ணி நாலு மணிக்கு வரும், அஞ்சுக்கு நின்னுரும். இந்தப் புள்ள அசையாதீங்கன்னுச்சு. சோப்பு கண்ணுல எரிஞ்சுச்சு, அதுனாலதான் அசையாம நின்னேன்." அப்படியே போடுகிறேன்.

ஒன்பதாவது நீ. வெள்ளவத்தையில், தண்டவாளத்துக்கு அப்பால், கற்களுக்கு நடுவே நீ மிதந்த படம். சின்னப் பிரதி ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். கொம்பனித்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் ராசிக் அதைப் பார்த்துவிட்டு, "இது மய்யித்தா, நித்திரையா?" என்று கேட்டான். பிணமும் இல்லை, நித்திரையும் இல்லை, விசாவுக்குக் காத்திருக்கிறாள் என்றேன்.

உன் அனுமதி வேண்டும். ஒரு பத்து வரியும் வேண்டும். அந்த நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றில்லை. கீரிமலைக் கேணியில் மிதக்கப் பழகியதை எழுதலாம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது.

அன்புடன்
யோசெப்பின்

*

பேர்கன், நோர்வே
03.03.1999

அன்பின் யோசி,

சுகம். இங்கே மழை. போன கடிதத்திலும் மழை என்றுதான் எழுதினேன். அதே மழைதான்.

முதியோர் இல்லத்தில் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். காலையில் ஆறு பேரைக் குளிக்க வார்க்கிறேன். நாலு பேர் கத்துவார்கள், கிள்ளுவார்கள், ஒருவர் பாடுவார். அவர்களுடன் சமாளிக்கலாம். ஆறாவது அம்மா கதைப்பதில்லை, அசைவதுமில்லை. நான் தமிழில் கதைத்துக்கொண்டே வார்ப்பேன். ஊர்ப் புதினம் எல்லாம் அவருக்குத் தெரியும். உன்னையும் தெரியும்.

படத்தை அண்ணியிடம் காட்டினேன்.

"உது ஆர் பிள்ளை? வடிவாக் கிடக்கிறா."

"நான்தான் அண்ணி."

"சும்மா போ."

அவ நம்பவில்லை. நானும் கொஞ்ச நேரம் நம்பவில்லை.

என்னிடம் அனுமதி கேட்கிறாய். உனக்கு நான் அனுமதி தருவதா? அந்த நாளை விட்டுவிட்டு வேறு எதை எழுத? எழுதிவிட்டேன். பத்து வரிக்கு மேல் இருக்கும். எண்ணாதே.

"காது இரண்டும் தண்ணீருக்குள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் கண்ணைத் திறந்து தலையைத் தூக்கப் பார்த்தேன். கரையில் என் சிநேகிதி கையைக் காட்டினாள்: ஆடாதே. தண்டவாளத்தில் இரண்டு பொலிஸ்காரர் வந்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவர்களுடைய கண்ணில் நான் படக்கூடாது என்று அவள் அப்படிக் காட்டியிருக்கிறாள். கல்லோடு கல்லாகக் கிடந்தேன். பிறகு அவள் அவர்களுடன் சிங்களத்தில் கதைத்தாள். அவளுடைய வாய் அசைவது மட்டும் தெரிந்தது. எனக்காக அவ்வளவு நேரம் எவரும் கதைத்ததில்லை. அவர்கள் கேட்கவில்லை. என்னைக் கொண்டுபோனார்கள். பதினொரு நாள். இந்தப் படத்தில் நான் ஏன் இவ்வளவு நிம்மதியாக இருக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: கரையில் எனக்காக ஒருத்தி நின்றாள்."

சரியா? எழுத்துப் பிழை இருந்தால் திருத்து. இங்கே தமிழ் எழுதிப் பழக்கம் விட்டுப்போகிறது.

அம்மாவின் முழங்காலுக்கு என் முத்தம்.

பாலேஸ்

*

கொட்டாஞ்சேனை
16.03.1999

அன்புள்ள பாலேஸ்,

உன் எழுத்து கிடைத்தது. நன்றாக இருக்கிறது. கடையில் வாசித்துக் காட்டினேன். ராசிக் றேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

ஒரு சின்ன விஷயம். என்னைப் பற்றிய வரிகளை எடுத்துவிடலாமா? படத்தை எடுத்தவளைப் பற்றி அந்தப் படத்தின் கீழேயே புகழ்ந்து எழுதியிருந்தால் நானே எழுதி வைத்த மாதிரி இருக்கும். பொலிஸ் என்ற சொல்லுக்கு மண்டபக்காரரும் யோசிக்கிறார். முதல் இரண்டு வரியே போதும் என்று நினைக்கிறேன். காது இரண்டும் தண்ணீருக்குள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மேல் என்ன வேண்டும்?

வேறு புதினம் இல்லை. ஸ்டூடியோ முதலாளி ஒஸ்வால்ட் அங்கிள் மாறவே இல்லை. நான் கமராவை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது இன்றைக்கும் வாசல்வரை வந்து, "கமரா போனா நீயும் அப்பிடியே போயிரு மகள், திரும்பி வராத" என்கிறார். பகிடிக்குத்தான். ஆனால் சிரிப்பதில்லை.

சுருக்கி அனுப்புவாயா?

அன்புடன்
யோசெப்பின்

*

பேர்கன்
27.03.1999

அன்பின் யோசி,

சுருக்க மாட்டேன்.

ஒரு சொல்லும் எழுதமாட்டேன் என்று பெரிதாகச் சொன்னாய். வெட்டுவது மட்டும் எழுத்தில் சேர்த்தி இல்லையோ? வேலுசாமி அண்ணனின் சோப்பை வெட்டினாயா? இல்லைத்தானே. அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒன்றா?

பொலிஸ் என்பதை எடு. 'இரண்டு பேர்' என்று போடு. வாசிக்கிறவர்களுக்கு விளங்கும், அதுவும் வெள்ளவத்தைக்காரருக்கு. உன்னை எடுக்க விடமாட்டேன். நான் உள்ளே இருந்தபோது நாகேந்திரம் ஐயாவிடம் நீ கொடுத்துவிட்ட உடுப்புப் பையில் ஒரு சீப்பும் இருந்தது. மற்றவர்களுக்கு உடுப்பு வரும், சாப்பாடு வரும். சீப்பு ஒருவருக்கும் வந்ததில்லை. அங்கே இருந்த ஐந்து பெண்களும் அதில்தான் தலை இழுத்தோம். அப்படிப்பட்டவளைப் பற்றி நான் எழுதக்கூடாதா?

உனக்குக் கூச்சம். எனக்குத் தெரியும். கூச்சத்தைக் கடலில் போடு.

அந்த வரிகள் இல்லையென்றால் படமும் இல்லை. (வெருட்டுகிறேன். பயந்துவிடாதே.)

பாலேஸ்

*

கொட்டாஞ்சேனை
05.04.1999

பாலேஸ்,

நேற்று உயிர்த்த ஞாயிறு. பெரிய வெள்ளியன்று கோவிலில் பாடுகளை வாசித்தார்கள். அந்தக் கதை உனக்குத் தெரியுமோ என்னவோ. இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன பிறகு, கூடவே திரிந்தவர் முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டு, அந்த ஆளை எனக்குத் தெரியாது என்பார். அந்த இடம் வருமுன் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அம்மா முழங்கால் வலியுடன் பின்னாலேயே வந்து, "என்ன மகள், வயித்துக்குள்ள சரியில்லையா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

நான் உனக்காகக் கதைக்கவில்லை.

எழுதிவிட்டேன். இனி மிச்சத்தை எழுதலாம்.

வந்த பொலிஸ்காரரில் ஒருவன் என் அடையாள அட்டையைக் கேட்டான். கொடுத்தேன். பெர்னாண்டோ. சிங்களவருக்கும் உள்ள பெயர். எழுத்தும் சிங்களம் மட்டும். அப்பா நீர்கொழும்பில் எடுத்துத் தந்த அட்டை, உன்னுடையதைப் போல இரண்டு மொழி இல்லை. அவனுடைய முகம் இளகியது. தங்கச்சி என்றான். பிறகு உன் பக்கம் கையைக் காட்டினான்.

"நங்கி, அர கவுத?"

அது யார் என்று.

"மம அந்துரன்னே நே."

எனக்கு ஆளைத் தெரியாது. உன்னைப் பற்றி நான் சொன்னது அவ்வளவுதான். மிச்சம் முழுவதும் கமராவைப் பற்றி. கமரா ஸ்டூடியோவினுடையது. நான் கடலைத்தான் எடுக்கிறேன், தண்டவாளத்தை எடுக்கவில்லை. ரோலைக் கழற்ற வேண்டாம் சேர். தயவுசெய்து ரோலைக் கழற்ற வேண்டாம். நீ பார்த்த வாயசைவு அது.

இங்கே நிற்க வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் தங்கச்சி என்றான். போனேன். நீ தண்ணீரிலிருந்து எழும்புவது கடைக்கண்ணில் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் உன்னைத் தெரியும் என்று ஆகிவிடும். திரும்பவில்லை. காலி வீதியில் பஸ் ஏறினேன். இடம் கிடைத்தது, இருந்தேன்.

பதினொரு நாளும் நான் அந்தப் பக்கம் வரவில்லை. சீப்பை வைத்தது நான்தான். அது உண்மை. அதை வைத்துவிட்டு நித்திரை கொண்டேன் என்பதும் உண்மை.

நீ வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்தாய். "நீ எவ்வளவு கதைச்சனி அவங்களோட" என்றாய். அப்போதே சொல்லியிருக்கலாம். ஏழு மாதம் இங்கே இருந்தாய். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லியிருக்கலாம். விமான நிலையத்தில் சொல்லியிருக்கலாம்.

எழுத்தை நீ என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன்.

யோசெப்பின்

*

பேர்கன்
20.04.1999

யோசி,

உன் கடிதம் வந்து ஐந்து நாள். வேலைக்குப் போனேன், ஆறு பேரையும் வார்த்தேன், வந்தேன். பேனையை எடுக்கவில்லை.

நீ எழுதியதால் நானும் ஒன்று எழுதுகிறேன். அண்ணாவுக்கும் சொன்னதில்லை.

உள்ளே ஒவ்வொரு நாளும் கேட்டது ஒன்றுதான். கமராவோடு நின்றவள் உனக்கு யார்? தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பார். "தெரியாதெண்டா தெரியாது ஐயா. ஆரோ வழியில போன பிள்ளை." பதினொரு நாளும் அதையே சொன்னேன். அதை மாற்றிச் சொல்ல வைக்க அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதமாட்டேன். என் இடது கையால் இப்போதும் வாளி தூக்க முடியாது, அவ்வளவு போதும்.

ஆக, இரண்டு பேரும் ஒரே கதையைத்தான் சொல்லியிருக்கிறோம். நீயும் தெரியாது, நானும் தெரியாது. அதனால்தான் விட்டார்களோ தெரியாது. நினைத்தால் சிரிப்பு வருகிறது. பிறகு வருவதில்லை. நான் உனக்காகச் சொன்னேன், நீ உனக்காகச் சொன்னாய்.

கோபம் வந்தது. இல்லை என்று எழுதினால் பொய். மூன்று நாள் உன்னை ஒரு நல்ல சொல்லாலும் நினைக்கவில்லை. பிறகு லொட்ஜை நினைத்தேன். பக்கத்து அறைப் பிள்ளையைக் கொண்டுபோன அன்று அவள் என் கதவைத்தான் தட்டினாள். "அக்கா, அக்கா" என்று. நான் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோடு நின்றேன். அவளுடைய பெயர் எனக்குத் தெரியும், ஊர் தெரியும், எத்தனை சகோதரம் என்பதும் தெரியும். பயத்தை நான் அறியாதவள் இல்லை. பயந்தவளிடம் கணக்குக் கேட்க எனக்கு என்ன தகுதி?

அதனால் இப்படிச் செய். நீ கதைத்த வரிகளை வெட்டு. கை இருக்கட்டும்.

அதை நான் கண்ணால் கண்டேன். அதற்குச் சிங்களம் தேவையில்லை. பயம் வருமுன், அந்த ஒரு நிமிடம், நீ என்னை மறைக்கப் பார்த்தாய். ஆடாதே என்றாய். எனக்கு அது போதும். அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவேன். படமும் இருக்கட்டும்.

உன் ஜூன் மாதம் நல்லபடி நடக்கட்டும்.

பாலேஸ்

*

கொட்டாஞ்சேனை
02.05.1999

பாலேஸ்,

நீ திருத்திய எழுத்தை அச்சுக்குக் கொடுக்க மூன்று தரம் கொம்பனித்தெருவுக்குப் போனேன். மூன்று தரமும் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். "என்ன நோனா, எழுத்தா, தேத்தண்ணியா?" என்று ராசிக் கேட்டான்.

நான் பேசாமல் இருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. நீயாகவே அந்த ஒரு வரியை எனக்கு விட்டுவைத்திருக்கிறாய்.

கை படத்துக்காக.

தண்டவாளம் அந்த இடத்தில் நேரானது. பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து அவர்கள் வருவதைத் தூரத்திலேயே கண்டேன். உன்னைக் கூப்பிட நேரம் இருந்தது. நீ எழும்பி, துவாயைப் போர்த்திக்கொண்டு, ஒழுங்கைக்குள் போய்ச் சேரவும் நேரம் இருந்தது. அப்போது தண்ணீர் நின்றது. உனக்கு ஞாபகம் இருக்கும், ஏழெட்டு அலைக்குப் பிறகு கற்களுக்குள் ஒரு கணம் எல்லாம் நின்றுபோகும். அரை மணித்தியாலமாக அதற்காகத்தான் நீ குளிரில் கிடந்தாய். உன் முகத்தில் ஒரு கோடும் இல்லை. சட்டை விரிந்து நின்றது. அந்த நேரம் பார்த்து நீ கண்ணைத் திறந்து தலையைத் தூக்கப் பார்த்தாய்.

ஆடாதே என்று கையைக் காட்டினேன்.

நீ கண்ணை மூடினாய். ஒரு படம் எடுத்தேன். பிறகு, பாதுகாப்புக்கு, இன்னும் ஒன்று. இரண்டாவதின் ஓரத்தில் ஒரு பொலிஸ் தொப்பி விழுந்திருக்கிறது. அதை ஒருவருக்கும் காட்டியதில்லை. முதலாவதுதான் ஒன்பதாவது படம். உன்னிடம் இருப்பதும் அதுதான்.

பயம் அவர்கள் கிட்ட வந்த பிறகுதான் வந்தது. கையைக் காட்டிய நேரம் எனக்குப் பயம் இருக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

ஜூன் ஐந்தாம் திகதி திறப்பு. உன் பதிலுக்குப் பிறகுதான் எதையும் அச்சுக்குக் கொடுப்பேன்.

யோசெப்பின்

*

பேர்கன்
15.05.1999

யோசெப்பின்,

கடிதம் கிடைத்தது.

பயத்துக்கு என்னிடம் இடம் இருந்தது. இதற்கு இடம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

நேற்றுக் காலை அந்த ஆறாவது அம்மாவை வார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலால் வெயில் வந்தது. இங்கே அது அதிசயம். தொட்டிக்குள் அவர் அசையாமல் இருந்தார். தண்ணீரும் அசையவில்லை. எவ்வளவு வடிவு என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கையை விட்டுப் பார்த்தால் தண்ணீர் ஆறிப்போய்விட்டது. அவர் குளிரில் விறைத்துப்போய்த்தான் அப்படி இருந்திருக்கிறார். சொல்ல அவருக்கு வாய் இல்லை.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. அப்படிப் பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்கும் தெரிந்துபோனது. ஆனால் நான் தண்ணீருக்குள் கையை விட்டேன்.

படத்தை எடுத்துவிடு. என் எழுத்தையும். அந்த இரண்டு நெகற்றிவும் எனக்கு வேண்டும். நாகேந்திரம் ஐயாவின் மகள் ஜூன் கடைசியில் ஒஸ்லோவுக்கு வருகிறா. அவவிடம் கொடுத்துவிடு. தபாலில் போடாதே.

இனி எழுத வேண்டாம். அதோடு வைக்கும் ஒரு துண்டுக் கடிதம் மட்டும் போதும்.

அம்மாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லவும்.

பாலேஸ்வரி

*

கொட்டாஞ்சேனை
21.06.1999

பாலேஸ்வரி,

எட்டுப் படங்கள் வைத்தோம். ராசிக் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மாட்டினான். சுவர் நிறைந்துவிட்டது. மூன்று நாளும் சேர்த்து அறுபது பேர் வரை வந்தார்கள். ஒன்று குறைகிறது என்று எவரும் கேட்கவில்லை. வேலுசாமி அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, தன் எழுத்தை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "அட, நான் சொன்னதத்தான் போட்டிருக்கே புள்ள" என்றார்.

நெகற்றிவை ஆறு ஆறாகத்தான் வெட்டுவது. உன்னுடைய அந்த இரண்டை மட்டும் தனியே எடுத்தால் ஓரம் கெடும். ஆகவே முழுத் துண்டையும் வைத்திருக்கிறேன். மற்ற நாலும் நீ கற்களைப் பிடித்துப் பிடித்துத் தண்ணீருக்குள் இறங்குவது. ஒன்றில் வழுக்கி விழப்பார்த்து என்னைத் திட்டுகிறாய்.

பிரதிகள் மூன்று இருந்தன. இரண்டை நான் கிழித்தேன். மூன்றாவது ஒஸ்வால்ட் அங்கிளின் மேசைக் கண்ணாடியின் கீழ் இருந்தது. கேட்டு வாங்கினேன். "உன்ட கையால வந்த ஒரே நல்ல படம். உனக்கென்ன பைத்தியமா மகள்?" என்றார். அதையும் கிழித்தேன்.

நீ சுகம் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். தனக்கு ஏன் நீ தனியாக எழுதவில்லை என்று கேட்டார்.

உன்னிடம் இருக்கும் சின்னப் பிரதியைத் தவிர இந்தப் படம் இனி எங்கேயும் இல்லை. என்னிடம் ஒன்றும் இல்லை. இதை நீ நம்புவதற்கு நான் ஒரு காரணத்தையும் மிச்சம் வைக்கவில்லை.

யோசெப்பின்